சோக் இழுத்தால்தான் ஓடுகிறதா? தண்ணீரில் இறக்காதீர்கள்

கேள்வி: 1990-களில் வந்த, இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர் உள்ள டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கி (தண்ணீர் ஸ்கூட்டர்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இரண்டு வருடம் ஓடாமல் கிடந்தது. பேட்டரியும் பிளக்குகளும் புதிதாகப் போட்டுவிட்டேன். பிளக் ஓட்டையில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினால் ஸ்டார்ட் ஆகி, நாலைந்து விநாடியில் நின்றுவிடுகிறது. சில தடவை அப்படிச் செய்து, சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் ஓடுகிறது. திராட்டிலை முழுதாக அமுக்கினால் திணறுகிறது. பத்து நிமிடம் போனதும் தானாக நின்றுவிடுகிறது. பெட்ரோல் மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது. கம்ப்ரஷன் 145, 140 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. முன் பிளக் கறுப்பாகவும் பின் பிளக் வெள்ளையாகவும் இருக்கின்றன. புதிதாக ஒரு ஜோடி கார்புரேட்டர் வாங்கிப் போட்டுவிடலாமா? அதுவரை சோக்கை வைத்தே ஓட்டலாமா?

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். ஓட்டக்கூடாது. ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் உள்ளே வரும் பெட்ரோலுக்கு எரிவது மட்டும் வேலை இல்லை. அது ஆவியாகும்போது பிஸ்டனின் சூட்டையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் வண்டி என்றால் ஆயிலும் அதோடுதான் வர வேண்டும். பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும், அல்லது பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் கவ்விக்கொள்ளும். உங்கள் பின் பிளக் வெள்ளையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என்னைப் பயமுறுத்தியது. சோக்கைப் பாதி மூடியும் பின் சிலிண்டருக்குப் பெட்ரோல் போதவில்லை. முன் சிலிண்டரோ சோக்கினால் அளவுக்கு மீறிக் குடித்துக் கரி பிடித்திருக்கிறது. சோக் என்ன செய்கிறது? காற்றை மறித்து, உறிஞ்சும் வேகத்தைக் கூட்டி, அடைபட்ட பாதை வழியாகவும் கொஞ்சம் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிறது. மெதுவாக ஓடும்போது அது போதும். முழு வேகத்தில் என்ஜின் கேட்கும் அளவு அந்த அடைப்பு வழியாக வராது. ஆக, வண்டி நன்றாக ஓடுவதாக நீங்கள் நினைக்கும் நேரத்தில்தான் பின் பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் என்னுடைய சொந்த வண்டியை ஒரு மாலை முழுக்கச் சோக்கோடு ஓட்டினேன், நாளை கழற்றிப் பார்க்கலாம் என்று. மறுநாள் கழற்றியது கார்புரேட்டரை அல்ல, சிலிண்டரை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். தண்ணீரில் ஓடினாலும் எனக்கு அது வண்டிதான். உங்களுக்கு நல்ல செய்தியும் உண்டு. 145-க்கும் 140-க்கும் வித்தியாசம் மிகக் குறைவு. இரண்டு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. பிளக் ஓட்டையில் ஊற்றினால் உடனே வெடிக்கிறது என்பதால் ஸ்பார்க்கும் இருக்கிறது. கம்ப்ரஷன் இருக்கிறது, ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் மட்டும் தானாக வந்து சேரவில்லை. அப்புறம், உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. ஸ்டார்ட் ஆகாமல் திணறுவது ஒன்று. பத்து நிமிடத்தில் நின்று, மூடியைத் திறந்ததும் உயிர் பெறுவது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றுவீர்கள், வண்டி அப்போதும் பத்து நிமிடத்தில் நிற்கும்.

கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஜெட் ஸ்கியின் உடல் ஒரு மூடிய தொட்டி மாதிரி. காரில் ஒழுகினால் தரையில் பரவிப் போய்விடும். இதில் அடியிலேயே தேங்கி நிற்கும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் அங்கேதான் இருக்கிறது. அதனால் சீட்டைக் கழற்றி, திறந்த வெளியில் நன்றாகக் காற்றாட விட்டு, குனிந்து மோந்து பார்த்து, வாடை இல்லை என்றால்தான் பட்டனைத் தொட வேண்டும். ஹோஸ் கழற்றும் வேலை என்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு என்ஜினைச் சுற்றும்போது பிளக் கேப்புகளைச் சும்மா தொங்கவிடாதீர்கள். பல வண்டிகளில் அவற்றை மாட்டுவதற்கென்றே எர்த் முனைகள் கொடுத்திருப்பார்கள். மாட்டாமல் சுற்றினால் வெளியே தெறிக்கும் பொறி ஆவியைப் பற்றவைக்கலாம், இக்னிஷன் பெட்டியும் கெட்டுப்போகலாம்.

பிளக் ஓட்டையில் வெறும் பெட்ரோல் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சிலிண்டர் சுவரில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆயிலையும் அது கழுவிவிடும். சோதனைக்கு வேண்டும் என்றால் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோல், ஒரு பங்கு ஆயிலுக்கு ஐம்பது பங்கு என்ற கணக்கில், சில சொட்டு போதும். ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே இந்த என்ஜினுக்கு ஆகவே ஆகாது.

இப்போது சுலபமான கோளாறை முதலில் தீர்த்துவிடலாம். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் டேங்குக்குள் காற்று போகும் வழி அடைந்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். டேங்கின் மேலிருந்து மெல்லிய ஹோஸ் ஒன்று கிளம்பும். அதில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும். காற்றை உள்ளே விடும். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோலை வெளியே விடாது. அதைக் கழற்றி, சைக்கிள் பம்பாலோ சிறிய ரப்பர் பம்பாலோ இரண்டு பக்கமும் காற்றடித்துப் பாருங்கள். டேங்க் பக்கமாகத் தாராளமாகப் போக வேண்டும். வாயால் ஊத வேண்டாம். ஓடாமல் கிடந்த வண்டிகளில் வெளி முனைக்குள் குளவி மண் வைத்து அடைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். குத்தி எடுத்தால் வேலை முடிந்தது. வால்வைத் திருப்பி மாட்டினாலும் இதே கோளாறுதான் வரும். அதனால் கழற்றும் முன் எந்தப் பக்கம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெரிய வேலை. பழைய பெட்ரோலை முழுதாக வெளியே எடுங்கள். கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கி நிற்கிறதா என்று தெரிந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும், உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். இரண்டு வருடப் பெட்ரோலைப் புதியதில் கலந்து தீர்த்துவிடலாம் என்று சிக்கனம் பார்க்காதீர்கள்.

இனி, வேலையைப் பாதியாகக் குறைக்கும் ஒரு சோதனை. சிறிய கேன் ஒன்றில் ஆயில் கலந்த புது பெட்ரோல் எடுங்கள். கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து புது ஹோஸை நேராக மாட்டுங்கள். டேங்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குத் திருப்பிவிடுங்கள். வண்டியின் தனி ஆயில் பம்பும் வேலை செய்துகொண்டிருந்தால் கொஞ்சம் அதிகம் புகையும், பரவாயில்லை. இப்படி வைத்து, சோக் இல்லாமல், திராட்டிலைத் தொடாமல், ஐடிலில் அணையாமல் ஓடினால் குற்றம் டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில். அப்போதும் அதே பாடு என்றால் கார்புரேட்டரில். உங்கள் பிளக் நிறத்தைப் பார்த்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்பது என் கணிப்பு. ஆனாலும் செய்து பாருங்கள்.

டேங்க் பக்கத்தில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. "எங்கேயும் பெட்ரோல் ஒழுகவே இல்லை, ஹோஸ் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள ஹோஸில் பெட்ரோல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தளர்ந்த கிளிப், காய்ந்த ஓ-ரிங், ஃபில்டர் கிண்ணத்தின் நைந்த வாஷர், எல்லாம் இதே கதைதான். பம்ப் காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து உறிஞ்சும். கண்டுபிடிக்க ஒரு வழி, கார்புரேட்டருக்குப் பக்கத்தில் தற்காலிகமாக உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு துண்டு மாட்டிப் பார்ப்பது. ஓடும்போது குமிழி வரிசையாக ஓடினால் பின்னால் எங்கோ காற்று புகுகிறது. பார்த்து முடித்ததும் அந்த டியூபைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோலில் அது சீக்கிரம் விறைத்து உடையும்.

ஆன், ரிசர்வ் என்று திருப்பும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால் ரிசர்வில் வைத்து ஓட்டிப் பாருங்கள். ரிசர்வில் மட்டும் நன்றாக ஓடினால், ஆன் பக்கத்து உறிஞ்சு குழாயின் வலையிலோ வால்வின் அந்த வழியிலோ அடைப்பு. இந்த வால்வுகளைச் சுத்தம் செய்வதைவிடப் புதிதாக மாற்றுவதே மேல்.

ஹோஸ்களை வெட்டிப் பாருங்கள். 1990-களின் சீ-டூ வண்டிகளில் வந்த சாம்பல் நிற ஹோஸ் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அத்தனையையும் மாற்றுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கரைந்து பச்சைப் பிசினாக இறங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பிசின் நேராகப் போய்ச் சேரும் இடம் கார்புரேட்டருக்குள் இருக்கும் வலை. ஹோஸை மாற்றாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவினால் சில நாளில் மறுபடி அடைக்கும். வேறு கம்பெனி வண்டியாக இருந்தாலும், இத்தனை வருடப் பழைய ரப்பரை நம்ப நான் தயாராக இல்லை. பெட்ரோலுக்கென்று விற்கும் ஹோஸ்தான் வேண்டும், தண்ணீர் டியூப் கூடாது. பழையதன் உள் விட்டத்தை அளந்து அதே அளவில் வாங்குங்கள். கழற்றும் முன் எல்லாக் கோணத்திலிருந்தும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு முனையிலும் ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டுங்கள். காரணம் இருக்கிறது: ரிட்டர்ன் ஹோஸ் மாட்டும் முனைக்குள் பல வண்டிகளில் ஊசித் துளை அளவுக்குத் தடுப்பு ஒன்று இருக்கும். அதுதான் உள்ளே தேவையான அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. வரும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் மாற்றி மாட்டிவிட்டால் மொத்தப் பெட்ரோலும் அந்தத் துளை வழியாக வர வேண்டியிருக்கும். வேலையை நன்றாகச் செய்து முடித்து, இதில் மட்டும் தவறி, பழைய நிலையைவிட மோசமாகிவிட்டது என்று வந்தவர்கள் உண்டு.

இப்போது கார்புரேட்டர். பைக்கில் இருப்பதுபோல் இதில் மிதவை இல்லை. கவிழ்ந்தும் குதித்தும் ஓடும் வண்டிக்கு மிதவை சரிப்படாது. அதற்குப் பதில் டயாஃப்ரம், அதாவது மெல்லிய சவ்வு. பம்பும் சவ்வுதான். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழே உள்ள கிராங்க் கேஸ் அறையில் அழுத்தம் கூடிக் குறைகிறதே, அந்தத் துடிப்பு ஒரு சின்ன ஹோஸ் வழியாக வந்து பம்ப் சவ்வை ஆட்டுகிறது. மின்சாரம் எதுவும் கிடையாது. அந்தத் துடிப்பு ஹோஸில் விரிசல் விழுந்தால் பம்ப் செத்த மாதிரி. அதைக் கழற்றி உள்ளே பாருங்கள். பெட்ரோல் ஈரம் இருந்தால் பம்ப் சவ்வு கிழிந்திருக்கலாம்.

சில வண்டிகளில் பம்ப் தனியாக இருக்கும். பலவற்றில் ஒரு கார்புரேட்டரோடு சேர்ந்தே இருக்கும், அதிலிருந்து அடுத்ததற்குப் பெட்ரோல் போகும். உங்கள் பின் சிலிண்டருக்குப் போகும் கார்புரேட்டர் வரிசையில் இரண்டாவதாக இருந்தால் எதுவும் குறையும்போது முதலில் பட்டினி கிடப்பது அதுதான். ஆனாலும் ஒன்றை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்யும் யோசனை வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றுங்கள், பாகங்களைத் தனித்தனித் தட்டில் வையுங்கள், கலந்துவிடாமல்.

பம்ப் மூடியைக் கழற்றினால் நகக்கண் அளவு வலை ஒன்று இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. என் மேஜைக்கு வரும் இந்த மாதிரி கேஸ்களில் பெரும்பாலும் அதைத் திறந்ததும் விடை கிடைத்துவிடும். ஐடில் திருகாணியையும் வேகத் திருகாணியையும் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். முட்டியதும் நிறுத்துங்கள், இறுக்கினால் ஊசி முனையும் அதன் இருக்கையும் நசுங்கும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகளில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு மாறிவிடும். கிளீனர் ஸ்ப்ரே, பிறகு காற்று, இவ்வளவுதான். ரப்பரும் சவ்வும் உள்ளே இருக்கும்போது ஸ்ப்ரே அடிக்கக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளை வழியாக முகத்தில்தான் பாயும். காற்றுத் திராட்டில் தட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் வரிசையாக மூன்று நான்கு நுண்துளைகள் தெரியும். ஐடிலுக்கும் ஆரம்ப வேகத்துக்கும் பெட்ரோல் வருவது அவற்றின் வழியாகத்தான். சோக் இல்லாமல் உங்கள் வண்டி ஓடாததற்கு அவையும் காரணமாக இருக்கலாம். ஒவ்வொன்றிலிருந்தும் ஸ்ப்ரே தெளிவாகப் பீய்ச்சி வருகிறதா என்று பார்க்காமல் மூடாதீர்கள்.

பெட்ரோலை உள்ளே விடும் நீடில் வால்வு, அதன் இருக்கை, சவ்வுகள், ஓ-ரிங், எல்லாம் புதிதாகப் போட வேண்டும். வால்வை மூடி வைத்திருக்கும் சின்ன ஸ்பிரிங்கை மட்டும் கவனியுங்கள். எந்த அழுத்தத்தில் நீடில் திறக்க வேண்டும் என்று உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஸ்பிரிங் மாறினால் அந்த அழுத்தம் மாறும், அது மாறினால் ஐடிலிலிருந்து வேகம் எடுக்கும் இடத்தில் திணறும். அளவு பார்க்கும் கருவி கடையிலோ தெரிந்த மெக்கானிக்கிடமோ இருக்கும், கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இதிலேயே உங்கள் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. விலை குறைந்த நகல் கார்புரேட்டர்களில் எந்த ஜெட், எந்த ஸ்பிரிங், எந்த இருக்கை போட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பழைய கார்புரேட்டரின் திராட்டில் தண்டு ஆட்டம் கொடுக்காமல், உடம்பில் உப்பு அரிக்காமல் இருந்தால், அதற்கே நல்ல ரிப்பேர் கிட் வாங்கிப் போடுவதுதான் என் யோசனை. தண்டு லொடலொடவென்று ஆடினால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். ஆட்டத்தின் வழியாகக் காற்று புகும், எவ்வளவு ட்யூன் செய்தாலும் ஐடில் நிலைக்காது.

மாட்டும்போது இரண்டு திராட்டில் தட்டுகளும் ஒரே நேரத்தில் திறக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். அடி கேஸ்கெட் பழையதைப் போடாதீர்கள். ஹோஸ் எல்லாம் காலியாக இருப்பதால் முதல் முறை சீக்கிரம் பிடிக்காது. ஐந்து விநாடி சுற்றி, அரை நிமிடம் ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி சுற்றுங்கள். குளிர்ந்த என்ஜினுக்குச் சோக் முழுதாக, திராட்டில் மூடி.  பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பிளக் நனைந்து போனால் நேர்மாறாக, சோக்கைத் தள்ளிவிட்டுத் திராட்டிலை முழுதாகத் திறந்து சுற்றுங்கள்.

கரையில் என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஹோஸ் போட்டு ஓட்டும்போது வரிசை முக்கியம். முதலில் என்ஜின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு என்ஜின். என்ஜின் ஓடாதபோது தண்ணீரைத் திறந்துவிட்டால் அது எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் போய்விடும். அப்புறம் பெட்ரோல் கோளாறு தேடிய உங்களுக்குத் தண்ணீர் கோளாறும் சேர்ந்துகொள்ளும். ஹோஸ் இருந்தாலும் ஓரிரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பின்பக்கம் போகும் டிரைவ் தண்டின் சீலுக்குத் தண்ணீர் கிடைக்காது.

சோக்கே இல்லாமல் ஐடிலில் அணையாமல் ஓடி, திராட்டில் அமுக்கியதும் தயங்காமல் எடுத்தால் தண்ணீரில் இறக்கலாம். கரையை ஒட்டியே, கூட இன்னொரு படகோ ஆளோ இருக்கும்போது. முதல் பத்து நிமிடம் பாதித் திராட்டிலைத் தாண்டாதீர்கள். கரைக்கு வந்து இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். பின் பிளக் இன்னும் வெளுப்பாக இருந்தால் மேலே போகாதீர்கள். அப்போது சந்தேகம் கார்புரேட்டரை விட்டு நகர்ந்து, கிராங்க் சீலிலோ கேஸ்கெட்டிலோ காற்று கசிகிறதா என்பதற்குப் போகிறது. கம்ப்ரஷன் மீட்டர் அந்தக் கசிவைக் காட்டாது. கிராங்க் கேஸை அடைத்து, மெதுவாகக் காற்றேற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பட்டறையில் செய்யும் வேலை.

டேங்கின் காற்றுவழியைச் சரிசெய்த பிறகும் பத்து நிமிடத்தில் நின்றால், மூடியைத் தொடாமல், என்ஜின் ஆறுவதற்குள் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். ஸ்பார்க் இல்லை, ஆறியதும் திரும்ப வருகிறது என்றால், சூடானதும் விட்டுப்போகும் காயிலோ, இக்னிஷனுக்கு மின்சாரம் தரும் ஸ்டேட்டரோ இருக்கிறது. ஸ்பார்க் இருக்கிறது என்றால் அந்த பிளாஸ்டிக் டியூபை மறுபடி மாட்டிக் குமிழியைத் தேட வேண்டியதுதான்.